அக்ரிலிக் போரிங்: எதை வாங்குவது, எப்படி ஊற்றுவது?

கேள்வி, மார்ச் 3

எனக்குப் படம் வரைய வராது. பள்ளிக்கூடத்தில் நான் வரைந்த பசு மாட்டைப் பார்த்து சார் "இது என்ன பெஞ்சா?" என்று கேட்டார், அத்தோடு விட்டுவிட்டேன். இப்போது கொஞ்ச நாளாக, ஒரு கப்பில் நாலைந்து கலரை ஊற்றி, கான்வாஸ் மேல் கவிழ்த்து, அப்படியும் இப்படியும் சாய்த்து ஓட விடும் வீடியோக்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இப்படி ஊற்றுவதற்குத்தான் போரிங் என்று பெயராம். வரையவே தெரிய வேண்டாம், யார் ஊற்றினாலும் அழகாக வரும் என்கிறார்கள். ஒரு கிட் 3,000 ரூபாய்க்கு மேல் சொல்கிறது. வாங்கலாமா? நிஜமாகச் செய்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

மார்ச் 3, இரவு

கிட் வேண்டாம். அந்தப் பெட்டிக்குள் இருப்பது குட்டிக் குட்டிப் பாட்டிலில் கலர், இரண்டு சின்ன கான்வாஸ், நாலு கப், ஒரு ஜோடி கையுறை, துளி சிலிக்கான் எண்ணெய். முதல் நாளே வெள்ளை தீர்ந்துவிடும், மற்ற கலரெல்லாம் பாதிக்கு மேல் மிஞ்சிக் கிடக்கும். இந்த வேலையில் வெள்ளைதான் சோறு, மற்றதெல்லாம் தொட்டுக்கொள்ள.

யார் ஊற்றினாலும் அழகாக வரும் என்பது பாதிப் பொய். எனக்கு முதல் எட்டும் சாணி நிறத்தில் வந்தன. வரையத் தெரிய வேண்டாம் என்பது மட்டும் நிஜம். அதற்குப் பதிலாக வேறு ஒன்று தெரிய வேண்டும், அதைப் பிறகு சொல்கிறேன்.

வாங்க வேண்டியது இவ்வளவுதான். வெள்ளை அக்ரிலிக் மட்டும் 500 மி.லி. பாட்டில். மற்ற கலரில் மூன்று போதும், 15 மி.லி. பாட்டிலே தாராளம். கேமல், ஃபெவிக்ரில் எதுவானாலும் சரி, பழகுவதற்கு வெளிநாட்டுச் சரக்கு தேவையில்லை. ஒரு கிலோ ஃபெவிகால். ஐஸ் குச்சி ஒரு கட்டு, பேப்பர் கப், கையுறை. வீட்டிலிருந்து ஒரு பழைய டீ வடிகட்டி. அது திரும்பச் சமையலறைக்குப் போகாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை, அந்தக் கதை தனி.

மார்ச் 4

எதன் மேல் ஊற்றுவது என்று எழுத விட்டுப்போயிற்று. கான்வாஸ் இப்போது வேண்டாம். வீட்டுக்கு டைல்ஸ் போட்டபோது மிஞ்சியது பரணில் கிடக்கும், இல்லாவிட்டால் டைல்ஸ் கடையில் உதிரியாகக் கேட்டால் கொடுப்பார்கள். 6 அங்குலச் சதுர டைல் கிடைத்தால் நல்லது. தொய்யாது, வளையாது, தண்ணீர் குடிக்காது. பிடிக்கவில்லை என்றால் காய்ந்த பிறகு ஓரத்தில் நகத்தால் நெம்பி முழுசாக உரித்துவிட்டு அதே டைலில் மறுபடி ஊற்றலாம். வைத்துக்கொள்ளப் போகிற டைல் என்றால் மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு ஊற்றுங்கள். வழவழப்பான மேல்பரப்பில் பெயின்ட் சும்மா உட்கார்ந்திருக்குமே தவிரப் பிடிக்காது.

என்னிடம் இப்படி ஒரு கட்டு பாத்ரூம் டைல் இருந்தது. ஒரே டைலில் 14 தடவை ஊற்றியிருக்கிறேன்.

மார்ச் 6

அந்த வேறு ஒன்று, பதம்.

அக்ரிலிக் பெயின்ட் என்பது நிறமித் தூள், தண்ணீர், தண்ணீரில் மிதக்கும் பிளாஸ்டிக் துகள். தண்ணீர் போகப் போகத் துகள்கள் நெருங்கி ஒட்டிக்கொண்டு ஒரே படலமாகிவிடும். பாட்டிலில் வருகிற பதத்தில் அது ஊற்றினால் ஓடாது. ஓட வைக்கத் தண்ணீர் மட்டும் சேர்த்தால் துகள்கள் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்துக்குப் போய்விடும், காய்ந்ததும் படலம் பலவீனமாகி வெடிக்கும். அதனால்தான் பிசினும் தண்ணீரும் கலந்த ஒரு கரைசலைச் சேர்ப்பது. அதற்குப் பெயர் மீடியம். வெளிநாட்டில் ஃபுளோட்ரால் என்று ஒன்றை ஊற்றுகிறார்கள், அது சுவருக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் பிரஷ் கோடு தெரியாமல் இருக்கச் சேர்ப்பது. நமக்கு ஃபெவிகால்.

ஃபெவிகால் 2 பங்கு, தண்ணீர் 1 பங்கு, நன்றாகக் கலக்கி வையுங்கள். இதில் 2 பங்குக்குக் கலர் 1 பங்கு. அளக்க இருமல் மருந்து மூடி இருக்கிறதே, 5, 10 என்று கோடு போட்டது, அது போதும். மெதுவாகக் கலக்க வேண்டும். லஸ்ஸி அடிப்பது மாதிரி அடித்தால் காற்றுக் குமிழி ஏறிவிடும். வடிகட்டி, மேலே ஒரு பிளாஸ்டிக் தாளை மூடி, ராத்திரி முழுக்க வைத்துவிட்டுக் காலையில் ஊற்றுங்கள்.

அளவு சரியாக இருந்தும் எனக்கு வரவில்லை. ஒரு கப் சுவர்ப் பசை மாதிரி, ஒரு கப் மோர் மாதிரி. ஒருநாள் தாழ்வாரத்தில் உட்கார்ந்து மூன்றாவது தடவை கலக்கிக்கொண்டிருந்தேன். அம்மா கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தவர், குச்சியை என் கையிலிருந்து வாங்கி, ஒரு தடவை தூக்கி ஒழுக விட்டார். "ஜாமூன் பாகு இருக்கில்ல, பிசுக்குப் பதம். அதுக்கு முன்னாடியே நிறுத்திட்ட. கம்பிக்குப் போயிடாத, அப்புறம் ஓடாது" என்றார். பெயின்டை வாழ்க்கையில் தொட்டதில்லை. அவர் சொன்னதுதான் இன்றுவரை என் அளவு. குச்சியைத் தூக்கினால் நூல் அறுபடாமல் விழ வேண்டும். விழுந்த இடத்தில் ஒரு சின்ன மேடு எழுந்து, ஒன்று இரண்டு எண்ணுவதற்குள் அமுங்கிப் போக வேண்டும். மேடே எழவில்லை என்றால் தண்ணி. எழுந்த மேடு உட்காரவில்லை என்றால் கெட்டி.

எல்லாக் கப்பும் ஒரே பதத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் இதில் கஷ்டம். ஒன்று தண்ணியாக இருந்தால் அது மற்றதை எல்லாம் தாண்டி ஓடி, ஓரத்தில் போய் வழிந்துவிடும்.

மார்ச் 7

மேலே 2 பங்குக்கு 1 பங்கு என்று எழுதியது பாட்டில் அக்ரிலிக்குக்கு. டியூபில் வருகிறது இன்னும் கெட்டி, அதற்கு மீடியம் கூடுதலாக வேண்டும். கலக்கிப் பார்த்துப் பதத்துக்குக் கொண்டுவாருங்கள், என் கணக்கைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள்.

மார்ச் 15

எவ்வளவு கலக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நீளம் பெருக்கல் அகலம், அங்குலத்தில். வருகிற எண்ணுக்குக் கொஞ்சம் கூட, அத்தனை மி.லி. 6-க்கு 6 டைலுக்கு 36 வரும், 40 அல்லது 45 மி.லி. கலக்குங்கள். 12-க்கு 12 கான்வாஸ் என்றால் 170 வரை போகும். குறைந்துவிட்டால் மூலை நனையாது. மூலையை நனைக்கச் சாய்த்துக்கொண்டே போனால், நடுவில் அழகாக வந்ததெல்லாம் இழுபட்டு வழிந்து, கீழே வைத்திருக்கும் தாம்பாளத்துக்குப் போய்விடும். என் நல்ல படங்கள் பாதி தாம்பாளத்தில்தான் இருந்தன.

நிறம். ஆரஞ்சும் நீலமும், சிவப்பும் பச்சையும், மஞ்சளும் ஊதாவும் ஒன்றோடொன்று கலந்தால் சேறு. அடுத்தடுத்து ஊற்ற நேர்ந்தால் நடுவில் வெள்ளையைச் சுவராக வையுங்கள். முதலில் நீலம், நீலப்பச்சை, வெள்ளை என்று மூன்றோடு தொடங்கினால் எவ்வளவு கலந்தாலும் கடல் மாதிரி ஏதோ ஒன்று வரும், மானம் தப்பும். கப்புக்குள் அடுக்கி ஊற்றிய பிறகு குச்சியை விட்டுக் கலக்காதீர்கள். கை பரபரக்கும். என் சாணிப் படங்கள் எட்டில் ஆறு அந்தக் கை பரபரப்பால் வந்தவை.

மற்ற இரண்டு? சாமி படம் மாதிரி ஏழு கலரும் போட வேண்டும் என்ற ஆசை.

மார்ச் 16

போன வாரம் பக்கத்து வீட்டு மாமா கேட்டில் நிறுத்தி, "வீட்ல போர் போடறீங்களாமே, எத்தனை அடியில தண்ணி?" என்று கேட்டார். என் பெண் யாரிடமோ "அப்பா மாடியில் போரிங் பண்றாங்க" என்று சொல்லியிருக்கிறாள், அது தெரு முழுக்க ஆழ்துளைக் கிணறாகப் போய்விட்டது. திருச்சியில் பங்குனி மாதத்தில் இந்த வதந்தி லேசானதல்ல. லாரி எப்போது வரும் என்று இரண்டு பேர் விசாரித்தார்கள்.

ஏப்ரல் 2

கண்கள்.

வீடியோவில் எல்லாரும் ஆசைப்படுவது அந்த வட்ட வட்டமான செல்களுக்குத்தான். எங்கள் வீட்டில் அதற்குக் கண் என்று பெயர், ஆப்பத்தில் விழுகிறதே அதேதான். "இன்னிக்குக் கண்ணு விழுந்துச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

இதற்குச் சிலிக்கான் எண்ணெய் வேண்டும். டிரெட்மில் பெல்ட்டுக்குப் போடுகிற எண்ணெய் சுத்தமான சிலிக்கான், சின்னப் பாட்டிலில் கிடைக்கும். தையல் மெஷின் எண்ணெய் வேறு, அது கனிம எண்ணெய். தலைமுடிக்குத் தடவும் சீரமும் வேலை செய்யும், அதில் டைமெத்திகோன் என்று சிலிக்கான்தான் இருக்கிறது. நான் முதலில் எடுத்தது வீட்டு அம்மணியின் சீரம். டீ வடிகட்டிக்குப் பிறகு இரண்டாவது குற்றம் அது.

ஒரு கப் கலருக்கு இரண்டு சொட்டு, குச்சியால் இரண்டு சுற்று, அவ்வளவுதான். வெள்ளைக்குப் போட வேண்டாம். கலரை எல்லாம் ஒரே கப்பில் அடுக்கி, டைல் மேல் கவிழ்த்து, ஒரு நிமிஷம் விட்டுத் தூக்குங்கள். இதுதான் ஃபிளிப் கப். டைலில் முன்கூட்டியே கொஞ்சம் வெள்ளையைத் தடவி வைத்தால் கலர் வழுக்கிக்கொண்டு ஓடும்.

குமிழியை உடைக்கத் தீ விடுகிற சின்ன கேஸ் டார்ச் வைத்துக் காட்டுவார்கள். தீ பட்டதும் கண்கள் படபடவென்று திறப்பது பார்க்க அழகுதான். ஆனால் பக்கத்தில் ஸ்பிரிட் பாட்டில், பேப்பர் கப், குழந்தை எதுவும் இருக்கக்கூடாது. ஒரே இடத்தில் நிறுத்தினால் மேலே வெந்து தோலாகிவிடும். டார்ச் இல்லாதவர்கள் பல்குச்சியால் குத்துங்கள். ஹேர் டிரையரை டார்ச்சுக்குப் பதில் எடுக்காதீர்கள், காற்றில் பெயின்ட் எல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். அப்படி வேண்டுமென்றே ஊதிப் பூ இதழ் மாதிரி விரிப்பது தனி வித்தை, டச் போர் என்பார்கள்.

காய வைக்கும்போது ஃபேனைப் போட்டுவிட்டால் சீக்கிரம் காயும்.

ஏப்ரல் 19

முதல் டைலின் விவரம் எழுதியிருந்தீர்கள். ராத்திரி பார்க்கும்போது அருமை, காலையில் பார்த்தால் எல்லாம் ஒரு பக்கம் போய்விட்டது, இல்லையா? உங்கள் மேசை சாய்வு. கண்ணுக்குத் தெரியாது, பெயின்டுக்குத் தெரியும். ஈரம் போகிற வரைக்கும், மணிக்கணக்கில், நகர்ந்துகொண்டேதான் இருக்கும்.

கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் ஹார்டுவேர் கடையில் சின்னது கிடைக்கும். நீளவாக்கில் ஒரு தடவை, குறுக்குவாக்கில் ஒரு தடவை வையுங்கள். காலுக்குக் கீழே அட்டையை மடித்து வைத்துச் சரி செய்யுங்கள். நான் எங்கள் மாடியில் ஒரு பழைய டிரங்குப் பெட்டி மேல் ஊற்றுகிறேன். அதன் ஒரு மூலைக்கு அடியில் மூன்று வருஷத்துக் காலண்டர் அட்டை இருக்கிறது. யாரும் எடுக்கக்கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.

கான்வாஸுக்குப் போனால் இன்னொரு தொல்லை. ஈரத்தின் கனத்தில் நடுப்பகுதி தொய்ந்து, பெயின்ட் அங்கே குளம் கட்டும். ஊற்றுவதற்கு முன்னால் பின்பக்கம் லேசாகத் தண்ணீர் தெளித்துக் காய விட்டால் துணி இறுகும். அல்லது சட்டத்தின் மூலையில் ஆப்பு இருந்தால் ஒரு தட்டு தட்டுங்கள். நாலு மூலைக்கும் அடியில் கப்பைக் கவிழ்த்து வைத்துத் தூக்கி நிறுத்துங்கள். இல்லாவிட்டால் வழிந்தது காய்ந்து தாம்பாளமும் கான்வாஸும் ஒன்றாகிவிடும்.

மே 11

ஏப்ரல் 2-ல் எழுதிய கடைசி வரியை அழித்துவிடுங்கள். ஃபேன் போடாதீர்கள்.

அக்னி நட்சத்திரத்தில் 16-க்கு 20 கான்வாஸ் ஒன்று ஊற்றினேன், இதுவரை ஊற்றியதிலேயே பெரியது. கறுப்பு, வெண்கலம், வெள்ளை. ராத்திரி பத்து மணிக்கு அப்படியொரு படம், கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினேன். மேலே ஃபேனை ஓட விட்டுப் படுத்தேன். காலையில் வறண்ட ஏரி. நடுவில் விரல் நகம் போகிற அளவுக்குப் பிளவு, ஓரமாகப் பொடிப் பொடி வெடிப்பு.

மேல்பகுதி சீக்கிரம் காய்ந்து தோலாகிவிட்டது. அடியில் இன்னும் ஈரம். அடி காயக் காயச் சுருங்குகிறது, மேல் தோலுக்கு அதோடு சுருங்க வழியில்லை, கிழிகிறது. பாலில் ஏடு கட்டுவது மாதிரி என்று வையுங்கள். பெயின்ட் தடிமனாகத் தேங்கிய இடத்தில்தான் முதலில் வெடிக்கும். திருச்சி வெயிலுக்கு ஃபேனே வேண்டாம், காற்றில் ஈரமே கிடையாது. சென்னைக்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, அங்கே நாள் கணக்கில் பிசுபிசுக்கிறதே என்று அழுவார்கள்.

இப்போது செய்வது: ஊற்றியதும் மேலே ஒரு அட்டைப் பெட்டியைக் கவிழ்த்துவிடுகிறேன், ஒரு பக்கம் பென்சில் கொடுத்துத் துளி இடைவெளியோடு. ஜன்னலைச் சாத்திவிடுகிறேன். இரண்டு நாள் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்க்காமல் இருப்பதுதான் இந்த முழு வேலையிலும் எனக்குச் சிரமமானது.

மே 13

கேட்டவருக்கு: ஆமாம், விலை குறைவு என்று சுவர்ப் பெயின்ட் வாங்கலாம். எமல்ஷன் என்று கேட்டு வாங்குங்கள். வெள்ளைக்கு அது பரவாயில்லை, மங்கலாகக் காயும் என்பது மட்டும்தான் குறை. எனாமல் சேராது, அது எண்ணெய். டிஸ்டம்பர் கூடவே கூடாது. நான் போன கடையில் "எல்லாம் ஒண்ணுதான் சார், தண்ணியில கரையுதுல்ல" என்று டிஸ்டம்பரைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அதில் பெரும்பகுதி சுண்ணத் தூள், பிசின் கொஞ்சம்தான். காய்ந்ததும் டைலைச் சாய்த்தேன், அப்பளமாக உதிர்ந்தது. மீதியைக் கொல்லைச் சுவரில் அடித்தோம், அங்கே நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 8

சிலிக்கான் பற்றி இவ்வளவு நாள் சொன்னதை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு படத்தைச் சித்தப்பா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குக் கொடுக்கலாம் என்று நாலு வாரம் காய வைத்து வார்னிஷ் அடித்தேன். அடித்த ஐந்தாவது நிமிஷம் வார்னிஷ் அங்கங்கே ஒதுங்கி வட்ட வட்டக் குழியாயிற்று. எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் தெளித்தால் எப்படி நிற்கும், அப்படி. மேலே எழும்பி வந்த சிலிக்கான் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. அடிப்பதற்கு முன்னால் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரால் மெதுவாகத் துடைத்திருக்க வேண்டும், இல்லை பவுடரைத் தூவி எண்ணெயை இழுக்க விட்டுத் தட்டியிருக்க வேண்டும். தெரியாமல் போயிற்று. கிரகப்பிரவேசத்துக்குக் குத்துவிளக்கு வாங்கிக் கொடுத்தேன்.

அந்தக் கோபத்தில் ஒரு மாதம் சிலிக்கானைத் தொடவில்லை. அப்போதுதான் கவனித்தேன், எண்ணெயே இல்லாமலும் கண் விழுகிறது. நீலத்துக்கு மேல் வெள்ளையை ஊற்றினால் விழுகிறது, வெள்ளைக்கு மேல் நீலத்தை ஊற்றினால் அவ்வளவாக இல்லை.

காரணம் எடை. வெள்ளையில் இருப்பது டைட்டானியம் டை ஆக்சைடு, தண்ணீரைப் போல நாலு மடங்குக்கு மேல் கனம். நீலத்தில் இருக்கும் தாலோ என்ற நிறமி ஒன்றரை மடங்கு சொச்சம்தான். கனமானது மேலே இருந்தால் நிற்காது, கீழே இறங்கப் பார்க்கும், இறங்கும் இடத்தில் லேசானது பீறிக்கொண்டு மேலே வரும். ஒவ்வொரு பீறலும் ஒரு கண். இதை நான் கண்டுபிடித்ததாக இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். 1930-களிலேயே மெக்சிகோவின் சுவரோவியர் டேவிட் அல்ஃபாரோ சிகேரோஸ் இப்படி ஒரு கலர் மேல் இன்னொன்றை ஊற்றிப் பார்த்து, தற்செயல் ஓவியம் என்று பெயரும் வைத்துவிட்டார். 1936-ல் நியூயார்க்கில் அவர் நடத்திய பட்டறையில், பின்னாளில் பெயின்டைச் சொட்ட விட்டே பேர் வாங்கிய அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக்கும் இருந்திருக்கிறார். 2015-ல் மெக்சிகோவின் ராபர்ட்டோ செனிட் குழு அதை ஆய்வகத்தில் செய்து பார்த்து, கறுப்பின் மேல் வெள்ளையை ஊற்றினால் கனம்தான் அந்த வடிவங்களை உண்டாக்குகிறது என்று காட்டியது. ரேலே–டெய்லர் நிலையின்மை என்று அதற்குப் பெயர். சிகேரோஸ் ஊற்றியது அக்ரிலிக் அல்ல, கார்களுக்கு அடிக்கும் லாக்கர். பெயின்ட் மாறினாலும் கனம் கனம்தானே.

வீட்டில் நகை நிறுக்கிற சின்ன டிஜிட்டல் தராசு இருக்கிறது. இருமல் மருந்து மூடியில் 10 மி.லி. எடுத்து நிறுத்துப் பார்த்தேன். கலந்த வெள்ளை 11.4 கிராம், கலந்த நீலம் 10.5. ஒரு கிராம்கூட வித்தியாசமில்லை. அதற்கு இத்தனை ஆட்டம்.

"சிலிக்கான் வேண்டும்" என்று ஏப்ரலில் எழுதியதைத் திருத்தி, "சிலிக்கான் அவசரக்காரர்களுக்கு" என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் இப்போது போடுவதில்லை. கண் சிறிதாகத்தான் விழும், எண்ணிக்கையும் குறைவு. ஆனால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டாம்.

ஜூன் 9

நேற்று எழுதியதைப் படித்தால் ஏதோ கனம் ஒன்றே போதும் என்பது மாதிரி இருக்கிறது. பதம் தப்பினால் தராசு வைத்தும் பயனில்லை. கெட்டியாக இருந்தால் கனமானதும் இறங்க முடியாமல் அப்படியே நிற்கும்.

ஜூன் 21

இது துருக்கியில் காகிதத்தில் செய்வதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். சொந்தம்தான், ஆனால் வேறு வீடு. எப்ரு என்கிற அந்தத் துருக்கி முறையில் பிசின் கலந்து கெட்டியாக்கிய தண்ணீரின் மேல் கலரை மிதக்க விட்டு, ஊசியாலும் சீப்பாலும் இழுத்துக் கோலம் போட்டு, மேலே காகிதத்தைப் படுக்க வைத்து ஒற்றி எடுப்பார்கள். 2014-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. நம் பக்கமும் இது வந்திருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டு பிஜப்பூரில் சலவைக்கல்லில் ஓடுவது மாதிரி வரும் இந்த ரேகையை வைத்தே குதிரையும் ஆளும் வரைந்திருக்கிறார்கள். எலும்பும் தோலுமான ஒரு குதிரை, உடம்பு முழுக்க அந்த ரேகை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருக்கிறது, படமாகப் பார்த்ததுதான். உருவத்துக்கு வெளியே ஒரு சொட்டுகூடப் போகாமல் ரேகையை அடக்கியிருக்கிறான் மனுஷன். நான் டைலின் நாலு மூலைக்குள் அடக்கவே திணறுகிறேன்.

ஜூலை 5

கழுவுவது பற்றி. கப்பைத் தொட்டியில் கொட்டாதீர்கள். அது வெறும் கலர்த் தண்ணீர் இல்லை, தண்ணீரில் மிதக்கும் பிளாஸ்டிக். குழாய்க்குள் போய்க் காய்ந்து கெட்டியாகும். எங்கள் மாடித் தொட்டிக்கு இரண்டு தடவை பிளம்பர் வந்தார். இரண்டாவது தடவை குழாய்க்குள்ளிருந்து ஒரு நீல ரிப்பனை இழுத்து என்னிடம் நீட்டி, "இதை என்ன சார் பண்றது?" என்று கேட்டார். ரேகை உண்மையிலேயே நன்றாக இருந்தது.

மிச்சத்தை ஒரு பாலிதீன் தாளில் ஊற்றிக் காய வையுங்கள். மறுநாள் தோலாக உரிந்து வரும், குப்பையில் போடலாம். வெட்டி ஒட்டிப் புக் மார்க்கும் செய்யலாம். தாம்பாளத்தில் வழிந்ததை உரித்து என் பெண் கம்மல் செய்து பள்ளிக்கூடத்தில் நாலு பேருக்குக் கொடுத்திருக்கிறாள். படங்களுக்குக் கிடைக்காத மரியாதை தாம்பாளத்துக்குக் கிடைத்துவிட்டது.

குச்சி, கப் எல்லாம் முதலில் பழைய துணியால் துடைத்து, பிறகு ஒரு பக்கெட் தண்ணீர். அந்தத் தண்ணீரை நாள் முழுக்கத் தெளிய விட்டு, அடி வண்டலைத் தனியாகக் காய வையுங்கள்.

ஜூலை 27

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும், அட்டைப் பெட்டி எம்மாத்திரம். மாடிக் கதவைச் சாத்த மறந்தேன். பெட்டி பறந்து, 12-க்கு 12 கான்வாஸ் முழுக்கக் காவிரி மணல். நடுவில் ஒரு கொசு, கால் எல்லாம் பரப்பி, வெள்ளைக் கண் ஒன்றுக்குள் சரியாக. வேண்டுமென்றே வைத்தாலும் அந்த இடம் அமையாது. அதை எடுக்க மனசு வரவில்லை, வார்னிஷ் அடித்துவிட்டேன்.

ஃபெவிகால் மஞ்சளாகுமா என்று கேட்டதற்கு: ஆகும். இரண்டு வருஷத்துக்கு முன் ஊற்றியதில் வெள்ளை இப்போது தந்த நிறம். விற்கிற எண்ணம் வந்தால் அதற்கென்றே இருக்கும் போரிங் மீடியத்துக்கு மாறுங்கள். பழகுகிற வரைக்கும், சொந்தச் சுவரில் மாட்டுகிற வரைக்கும் இது போதும்.

ஆகஸ்ட் 10

நேற்று அம்மா ஒன்று ஊற்றினார்.

ஐந்து மாதமாகப் பதம் சொல்லிக்கொண்டிருக்கிறார், நீயே ஊற்றம்மா என்றால் மாட்டார். நேற்றுக் கோலப்பொடி டப்பாவை வைத்துவிட்டு வந்தவர் தானாகவே உட்கார்ந்தார். ஏழு பாட்டிலை அடுக்கி வைத்தேன். எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு இண்டியன் ரெட் ஒன்றையும் வெள்ளையையும் மட்டும் எடுத்தார். காவியும் மாவும், வாசலில் இருப்பதுதான். கலக்கினார், தூக்கி ஒழுக விட்டார், அரை மூடி தண்ணீர் கேட்டார். அளக்கவில்லை.

கப்பில் அடுக்கவும் இல்லை. டைலின் நடுவில் காவி கொஞ்சம், அதன் மேல் வெள்ளை கொஞ்சம், மறுபடி காவி, மறுபடி வெள்ளை என்று ஒரே புள்ளியில் ஊற்றிக்கொண்டே போனார். வட்டத்துக்குள் வட்டமாக விரிந்தது. கண் ஒன்றுகூட விழவில்லை. காவியில் இருக்கும் இரும்பு ஆக்சைடும் கனம் ஆயிற்றே என்று நிறுத்துப் பார்த்தேன். காவி 11.6, வெள்ளை 11.4. ஒன்றையொன்று தள்ளவில்லை, கோடு கோடாக அப்படியே நின்றன.

டைலை எடுத்து நான் சாய்க்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார். "ஓடற வரைக்கும் ஓடிடுச்சுல்ல, விடுடா."

நாலு மூலையும் நனையவில்லை. அப்படியே இருக்கட்டும் என்கிறார். பெட்டியைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன், நாளை சாயங்காலம் வரை திறக்கக்கூடாது. இதை எழுதும்போதே இரண்டு தடவை மாடிக்குப் போய்விட்டு வந்தேன், திறக்கவில்லை.